மின்வில்லின் வெம்மையும் மின்வழியின் வலிமையும்

மின்பலகையைத் திறந்து பழுது பார்ப்போருக்கு மின்னதிர்ச்சி மட்டுமன்றி மின்வில்லும் பேரிடராகும். இரு கடத்திகளுக்கு இடையேயுள்ள காற்றே மின்கடத்தியாகி, மின்னோட்டம் பிழம்பாய்ப் பாய்வதே மின்வில். கம்பியைத் தொடாதவரையும் அது சுட்டுவிடும். இவ்வெம்மையைக் கணக்கிட 1982ஆம் ஆண்டில் ரால்ஃப் லீ என்னும் பொறியாளர் வழிகாட்டினார். தோலின் ஒரு சதுர சென்டிமீட்டரில் 1.2 கலோரி வெப்பம் பட்டாலே இரண்டாம் நிலைத் தீப்புண் உண்டாகக்கூடும் என்பதே இன்று பின்பற்றப்படும் எல்லை.

இவ்வெப்பத்தை முடிவுசெய்யும் முதன்மைக் கூறுகள் இரண்டு. ஒன்று, குறுக்குச்சுற்று ஏற்படும்போது பாயும் பிழை மின்னோட்டம். மற்றொன்று, சுற்றுமுறிப்பான் அதனைத் துண்டிக்க எடுக்கும் நேரம். தெனாகா நேசனலின் மின்வழி பற்றிய விவரம் கையில் இல்லாதபோது, அதனை எல்லையற்ற வலிமையுடையதெனக் கொண்டு, மின்மாற்றியின் மின்மறுப்பை மட்டும் வைத்துக் கணக்கிடுவோர் உளர்.

1000 கேவிஏ திறனும் 5 விழுக்காடு மின்மறுப்பும் உடைய, 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாகக் குறைக்கும் மின்மாற்றியை எடுத்துக்கொள்வோம். அதன் முழுச்சுமை மின்னோட்டம் ஏறத்தாழ 1,333 ஆம்பியர். அதனை 0.05ஆல் வகுத்தால் பிழை மின்னோட்டம் 26,700 ஆம்பியர் எனக் கிடைக்கும். மின்வழியின் பிழைத்திறன் 50 எம்விஏ மட்டுமே எனில், மேலும் 2 விழுக்காடு மின்மறுப்புச் சேரும். விடை 19,000 ஆம்பியராகக் குறையும்.

பெரிய எண்ணைக் கொள்வதே பாதுகாப்பு என்று தோன்றலாம். சுற்றுமுறிப்பானின் தாங்குதிறனைத் தேர்வதற்கு அது பொருந்தும். மின்வில்லுக்கோ அது பொருந்தாமற் போகலாம். மின்னோட்டம் குறைந்தால் சுற்றுமுறிப்பான் உடனடியாகத் துண்டிக்கும் எல்லையை எட்டாது காலந்தாழ்த்தக்கூடும். 0.05 நொடியில் அணைய வேண்டிய மின்வில் 0.5 நொடி எரிந்தால், மின்னோட்டம் குறைந்திருந்தும் வெப்பம் பன்மடங்காகும்.

மலாக்காவின் நகர்ப்புறத் தொழிற்பேட்டைக்கும் நெடுந்தொலைவு மின்கம்பி சென்றடையும் தோட்டத்திற்கும் ஒரே கணக்குப் பொருந்தாமைக்குக் காரணம் இதுவே. நாரையும் ஓட்டையும் எரித்து நீராவிச் சுழலியால் மின்னாக்கும் செம்பனை ஆலைகளில் வேறுபாடு இன்னும் மிகுதி. சுழலி மட்டும் இயங்கும்போது ஓர் அளவு. பொது மின்வழியில் இணைந்திருக்கும்போது வேறோர் அளவு.

ஆகவே, மின்வழங்கு நிறுவனத்திடம் பிழை மின்னோட்டத்தின் உச்ச அளவையும் குறைந்த அளவையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். இரண்டிற்கும் கணக்கிட்டு, மிகுந்த வெப்பம் தரும் விடைக்கேற்பவே சார்ஜ்மேனின் காப்புடையைத் தேர்தல் வேண்டும். மின்னைத் துண்டித்தபின் பலகையைத் திறப்பதே அனைத்திலும் சிறந்த காப்பு.