மகன் வரமாட்டேன் என்றால் அம்மா போகலாம்

மலேசியாவில் லாபிஸுக்கும் பாலோவுக்கும் நடுவே, ரயில் பாதையை ஒட்டிய சின்ன ஊர் பெக்கோக். பால்மரம் நின்ற நிலங்களில் இன்று செம்பனை. இப்படி எல்லாரும் எல்லாரையும் அறிந்த ஊரில் ஒரு பையன் சியாபு என்ற போதைப்பொருளை எடுக்கிறான் என்றால், பெற்றோருக்கு முதலில் வரும் பயம் அவன் உடம்பைப் பற்றியதல்ல. பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுமே, அக்காவின் கல்யாணம் நின்றுபோகுமே என்பதுதான். மூடி மறைக்கிறார்கள். அப்பா கடனை அடைக்கிறார். அம்மா வேலையிடத்துக்கு போன் போட்டு, "தம்பிக்குக் காய்ச்சல்" என்கிறார். ஒருநாள் தாலிக்கொடி காணாமல் போகிறது. அப்புறம் அடி, சாபம், "இந்தப் படி ஏறாதே!"

மறைப்பது, விரட்டுவது, இரண்டும் பாசத்தில் செய்வதுதான். இரண்டும் பெரும்பாலும் பலிப்பதில்லை.

ஏன் என்பதற்கு மூளையைப் பார்க்க வேண்டும். நல்ல சாப்பாடு, நண்பனின் கேலி, பந்து விளையாட்டு போன்றவற்றுக்கு மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் அளவாகச் சுரக்கும். சியாபு, அதாவது மெத்தம்பெட்டமின், அதை வெள்ளமாகத் திறந்துவிடும். அதற்குப் பழகிய மூளைக்கு மற்றதெல்லாம் சப்பென்று ஆகிவிடும். 2001இல் நோரா வோல்கோவ் குழுவினர், ஒரு வருடம் அளவுக்கு இதை விட்டிருந்தவர்களின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். டோபமினைத் திரும்ப உறிஞ்சும் புரதங்கள் மீண்டும் கூடியிருந்தன. ஆனால் ஞாபகசக்திச் சோதனைகளில் அதே அளவு முன்னேற்றம் இல்லை. மூளை தேறும், மெதுவாகத் தேறும். மருத்துவமனையில் இருப்பது சில வாரங்கள். மீதி மாதங்களை வீட்டில்தான் கழித்தாக வேண்டும்.

போதை ஒரு ஆளின் பிரச்சினை மட்டுமல்ல என்பது நம் தோட்டத்துச் சனங்களுக்குப் புதிதில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சம்பளத்தோடு சேர்த்து, கள்ளுக்கடைகளை மூடவும் கேட்டார்கள்.

சென்னையில் சாந்தி ரங்கநாதன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர். 1980இல் அவர் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் அறக்கட்டளையின் மருத்துவமனையில் நோயாளிக்கு மட்டுமல்ல, குடும்பத்தாருக்கும் தனியாகச் சிகிச்சைத் திட்டம் உண்டு. வருடக்கணக்கில் தூங்காத மனைவியும் ஒரு நோயாளிதானே!

நோயாளி வரவே மறுத்தால்? நான் முக்கியமாக நினைப்பது இந்தக் கேள்வியைத்தான். அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் மேயர்ஸ், 'கிராஃப்ட்' என்ற பயிற்சியை உருவாக்கினார். 1999இல் வெளியான ஆய்வில், சிகிச்சைக்கு மறுத்த குடிகாரர்களின் உறவினர் 130 பேர் மூன்று வழிகளில் ஏதாவது ஒன்றில் பயிற்சி பெற்றார்கள். கிராஃப்ட் பெற்ற குடும்பங்களில் 64 சதவீதத்தினர் குடிப்பவரைச் சிகிச்சைக்குக் கொண்டுவந்தார்கள். எல்லாரும் கூடி நேருக்கு நேர் கேட்கும் முறையில் 30 சதவீதம். அல்-அனான் வழியில் 13. (அல்-அனான் குடும்பத்தின் மன அமைதிக்கான அமைப்பு, ஆளை இழுத்துவருவது அதன் வேலையில்லை.) இன்னொன்றும் தெரியவந்தது: நேருக்கு நேர் கேட்கப் பயிற்சி பெற்ற குடும்பங்களில் பெரும்பாலானவை அந்தக் கூட்டத்தை நடத்தவே இல்லை. மனம் வரவில்லை.

கிராஃப்ட் சொல்லித் தருவது சாதாரண விஷயம்தான். அவன் தெளிவாக இருக்கும் நாளில் பிடித்த குழம்பு வை, பக்கத்தில் உட்கார். போதையில் வந்தால் சண்டை வேண்டாம், எழுந்து போய்விடு. அவன் கடனை நீ அடைக்காதே, அவனுக்காகப் பொய் சொல்லாதே. அவனே வெறுத்துப் போயிருக்கும் நேரம் பார்த்து, "வா, டாக்டரிடம் போவோம்" என்று கேள். கை நீட்டுகிற ஆளாக இருந்தால் உன் பாதுகாப்பு முதலில்.

போதை வராமல் தடுப்பதிலும் அடிப்படை குடும்பம்தான். அமெரிக்காவில் கரோல் கும்ஃபர் உருவாக்கிய குடும்பப் பயிற்சியில் பெற்றோரும் பிள்ளைகளும் முதலில் தனித்தனியாகப் படிப்பார்கள், பிறகு ஒன்றாக உட்கார்ந்து பழகுவார்கள். பயமுறுத்தும் சுவரொட்டிகளை விட எனக்கு இதில் நம்பிக்கை அதிகம்.

மலேசியாவின் 1983ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டம், வயது வராத பிள்ளைக்காகப் பெற்றோரே சிகிச்சைக்கு விண்ணப்பிக்க வழி வைத்தது. வளர்ந்த மகன் என்றால், நீங்கள் உதவி கேட்க அவன் சம்மதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். அரசாங்க கிளினிக்குக்கோ, தேசியப் போதைப்பொருள் ஒழிப்பு நிறுவனமான ஏ.ஏ.டி.கே. அலுவலகத்துக்கோ போய், வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம் என்று கேளுங்கள், அம்மா. முதல் தடவை நீங்கள் மட்டும் போனால் போதும்.