எண்ணூர் முகத்துவாரத்தில் கூழைக்கடா கூட்டம்: பறவை வந்தால்தான் வலையிலும் மீன் விழும்

திருவொற்றியூர்:
எண்ணூர் என்றாலே சாம்பல், புகை, கன்டெய்னர் லாரி நெரிசல்தான் ஞாபகம் வரும். பறவை பார்க்க ஆசைப்பட்டால் வேன் பிடித்து வேடந்தாங்கல் போகிறோம். ஆனால் நம்ம வீட்டுப் பக்கத்திலேயே, டிக்கெட் இல்லாமல், கூழைக்கடாவும் நாரையும் மேயும் இடம் இருக்கிறது. அதுதான் எண்ணூர் முகத்துவாரம்.

ஏன் இங்கே வருகின்றன?
கொசஸ்தலை ஆறு கடலில் கலக்கும் இடம் இது. பக்கிங்காம் கால்வாயும் இங்கேதான் வந்து சேருகிறது. ஆற்றுத் தண்ணியும் கடல் தண்ணியும் கலப்பதால் இறால், நண்டு, மடவை, மீன் குஞ்சு எல்லாம் இங்கே வளரும். கடல் தண்ணீர் தினமும் 2 முறை ஏறி இறங்கும். இறங்கும்போது சேறு வெளியே தெரியும். அந்த சேற்றில் உள்ள புழுவும் குட்டி நண்டும்தான் உள்ளான் கூட்டத்துக்கு சாப்பாடு. மீனவர்கள் பிழைப்பதும் இதே தண்ணீரை நம்பித்தான்.

என்னென்ன பார்க்கலாம்?
அலகுக்குக் கீழே பை தொங்கினால் அது கூழைக்கடா. மீனை தண்ணீரோடு சேர்த்து பையில் அள்ளும். தண்ணீரை வடித்துவிட்டு மீனை மட்டும் விழுங்கும். மஞ்சள் அலகும், வால் பக்கம் ரோஸ் நிறமும் இருந்தால் மஞ்சள்மூக்கு நாரை. சிவப்புக் கால் குச்சி மாதிரி நீண்டிருந்தால் நெடுங்கால் உள்ளான். பழுப்புத்தலை கடற்காகம் லடாக், திபெத் ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர் காலத்துக்கு நம்ம கடற்கரைக்கு வருகிறது. காசிமேடு துறைமுகத்தில் தலைக்கு மேலே வட்டமடிக்கும் செம்பருந்தையும் பார்க்கலாம்.

எண்ணெய் கொடுத்த அடி
2023 டிசம்பரில் மிச்சாங் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் பக்கிங்காம் கால்வாய் வழியாக முகத்துவாரத்துக்கு வந்தது. மணலி சி.பி.சி.எல். ஆலை வளாகத்தில் இருந்து வந்த எண்ணெய் என்று மாசு கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. பசுமை தீர்ப்பாயம் தானாகவே வழக்கு எடுத்து விசாரித்தது. படகு, வலை எல்லாம் கறுப்பாகிவிட்டது. வெள்ளையாக இருந்த கூழைக்கடாக்கள் தார் பூசியது மாதிரி நின்றன.

எண்ணெய் பட்டால் பறவைக்கு என்ன ஆகும்? சிறகு தண்ணீரை தடுக்காது. உடம்பு நனைந்து குளிரில் வாடும். அலகால் சிறகை கோதும்போது எண்ணெய் வயிற்றுக்குள் போய்விடும். வனத்துறையினர் பிடித்து சுத்தம் செய்யப் பார்த்தார்கள். ஆனால் பறக்கிற தெம்பு உள்ள பறவை லேசில் கைக்கு சிக்காது.

பாதித்த மீனவ குடும்பங்களுக்கு தலா ரூ.12,500 நிவாரணம் அறிவிக்கப்பட்டது. ஆனால் சேற்றில் இறங்கிய எண்ணெயை பணம் கொடுத்து எடுத்துவிட முடியுமா? சேறு கெட்டால் புழு இல்லை. புழு இல்லை என்றால் இறால் இல்லை, பறவையும் இல்லை. அனல் மின் நிலைய சாம்பல் கழிவு ஆற்றில் படிந்து ஆழம் குறைந்ததும் இதே கதைதான்.

எப்படி போகலாம்?
அக்டோபர் முதல் மார்ச் வரை நல்ல சீசன். கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரெயிலில் எண்ணூரில் இறங்கி, ஆட்டோ பிடித்து தாழங்குப்பம் பக்கம் போங்கள். காலையில் வெயில் ஏறுவதற்குள், தண்ணீர் வற்றும் நேரமாக பார்த்துப் போவது நல்லது. எந்த நேரத்தில் வற்றும் என்று அங்குள்ள மீனவர்களைக் கேட்டாலே சொல்லிவிடுவார்கள். சேற்றில் இறங்காதீர்கள், கால் புதையும். கல் எறிவது, பிளாஸ்டிக் போடுவது கூடவே கூடாது. எண்ணெய் பட்ட பறவை கண்ணில் பட்டால் நீங்களே பிடிக்காமல் வனத்துறைக்கு தகவல் கொடுங்கள்.

அடுத்த லீவு நாளில் பிள்ளைகளை ஒரு நடை கூட்டிப் போய் காட்டுங்கள். எண்ணூரில் இதுவும் இருக்கிறது என்று தெரிந்தால்தான், நாளைக்கு அதற்காக கேள்வி கேட்க அவர்களுக்குத் தோன்றும்.