பெரார்கஞ்சிலிருந்து ஒரு புத்தகம்: பணம் கட்டும் முன், கையெழுத்துப் போடும் முன்

அந்தமானின் பெரார்கஞ்சில் இருந்துகொண்டு தமிழில் ஒரு புத்தகம் கொண்டுவர நினைப்பவருக்கு ஒரு காலத்தில் சென்னையை விட்டால் வேறு வழி கிடையாது. மூன்று நாள் கப்பல் பயணம், பதிப்பகப் படியேற்றம், மெய்ப்புத் திருத்தத்துக்கு மறுபடி ஒரு பயணம். 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து அந்தமானுக்குச் சுமார் 2,300 கிலோமீட்டர் நீளக் கடலடி இணையக் கேபிள் பயன்பாட்டுக்கு வந்தது. அதன் பிறகு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தே நூலை ஏற்றிவிடலாம் என்ற நிலை வந்திருக்கிறது. 2011 கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்குத் தாய்மொழி தமிழ். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்ட தாயகம் திரும்பியோர் கதையும், 2004 டிசம்பர் 26 சுனாமிக் காலையின் கதையும் அங்கே வாழ்ந்தவர்கள் எழுதினால்தான் உண்டு. அப்படி எழுதுபவர்கள் ஏமாந்துவிடக் கூடாது என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

ஏமாற்று எப்படித் தொடங்குகிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். முகநூலில் ஒரு கவிதை போடுகிறீர்கள். அன்று மாலையே உள்பெட்டியில் செய்தி வருகிறது: உங்கள் எழுத்து தேர்வாகியிருக்கிறது, தொகுப்பு நூலில் இடம்பெறும், பங்கேற்புக் கட்டணம் இவ்வளவு, சான்றிதழும் கேடயமும் உண்டு. ஐம்பது பேர் கட்டணம் கட்டினால் அச்சுச் செலவு அங்கேயே முடிந்துவிடுகிறது. அதன் பிறகு அந்த நூல் ஒரு பிரதி விற்றாலும் விற்காவிட்டாலும் அவர்களுக்கு நட்டமில்லை. தனி நூல் என்றால் 'பேக்கேஜ்' என்பார்கள். அதில் நூலின் அடையாள எண்ணான ஐ.எஸ்.பி.என். வாங்க ஒரு தொகை, காப்புரிமைக்கு ஒரு தொகை, அமேசானில் ஏற்ற ஒரு தொகை, கூடவே நூறு பிரதிகளை நீங்களே வாங்கிக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனை. உழைப்புக்கு நியாயமான கூலி கேட்டு, கணக்கை வெளிப்படையாகக் காட்டும் அச்சகங்களும் நிறுவனங்களும் இருக்கின்றன. யார் எப்படி என்று பிரித்தறிய, எதற்கு உண்மையில் எவ்வளவு செலவாகும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஐ.எஸ்.பி.என். இந்தியாவில் இலவசம். மத்திய கல்வி அமைச்சகத்தின் கீழ் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இதை வழங்குகிறது. 2016 முதல் விண்ணப்பம் முழுக்க இணையவழிதான். பதிப்பகம் வைத்திருக்க வேண்டியதில்லை. சொந்தமாக வெளியிடும் ஆசிரியர் என்றே பதிவு செய்துகொள்ளலாம். அடையாளச் சான்றும் நூலின் விவரமும் போதும். ஒரு நிறுவனம் தன் பெயரில் உள்ள எண்ணை உங்கள் நூலுக்குப் போட்டால், ஆவணங்களில் வெளியீட்டாளர் அவர்கள்தான். நாளை பிரிந்து வந்தால் புதிய எண், புதிய அட்டை என்று எல்லாம் மறுபடி. கிண்டிலில் மின்னூலாக மட்டும் போடுவதாக இருந்தால் இந்த எண்ணே தேவையில்லை. அமேசான் தன் அடையாள எண்ணைத் தானே கொடுத்துவிடும்.

காப்புரிமைக்கும் எவருக்கும் பணம் கட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் எழுதி முடித்த கணமே உரிமை உங்களுடையது. அது உங்கள் ஆயுளுக்கும், அதன் பின் 60 ஆண்டுகளுக்கும் நிற்கும். பதிவு செய்துகொண்டால் நீதிமன்றத்தில் நல்ல சாட்சியாக உதவும். இலக்கிய நூலுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய்தான். இதற்கே சிலர் ஆயிரக்கணக்கில் வாங்குகிறார்கள்.

கோப்பு விஷயத்தில் தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. டி.டி.பி. கடைகளில் இன்றும் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து கொடுப்பவர்கள் உண்டு. அது தாளில் அழகாக இருக்கும். மின்னூலில் உடைந்து குப்பையாகும். சோதிப்பது எளிது. கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டுங்கள். தமிழாகவே தெரிந்தால் அது மின்னூலுக்கு ஏற்ற யூனிகோடு. ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து வந்தால் இல்லை. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற இலவச மென்பொருளால் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றிய பிறகு 'கொ', 'கோ', 'ஸ்ரீ' வரும் இடங்களையெல்லாம் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கடைக்காரரிடம் பி.டி.எஃப். மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். திருத்தக்கூடிய மூலக் கோப்பும், அட்டைப்படத்தின் மூலக் கோப்பும் உங்கள் கையில் இருக்க வேண்டும். பின்னால் மனக்கசப்பு வந்தால் பலர் மாட்டிக்கொண்டு தவிப்பது இந்தக் கோப்புகளுக்காகத்தான்.

அமேசானின் கே.டி.பி. என்ற சுயவெளியீட்டுத் தளம் 2016 டிசம்பரிலிருந்து தமிழ் மின்னூல்களை ஏற்கிறது. ஏற்றுவதற்குக் கட்டணம் கிடையாது. இங்கே கவனிக்க வேண்டியது 'செலக்ட்' திட்டம். இந்திய விற்பனையில் 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் அதில் சேர வேண்டும். சேராவிட்டால் 35 சதவீதம். சேர்ந்தால் 90 நாள்களுக்கு அந்த மின்னூலை வேறெங்கும், உங்கள் சொந்த வலைத்தளத்தில்கூட, வைக்கக் கூடாது. நீங்களாக நிறுத்தாவிட்டால் அது தானாகவே நீண்டுகொண்டு போகும். வரி விவரம் கேட்கும் இடத்தில் உங்கள் பான் எண்ணைச் சரியாகக் கொடுங்கள். கொடுத்தால், இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தின்படி, அமெரிக்காவில் விற்கும் பிரதிகளின் ராயல்டியில் 30 சதவீதத்துக்குப் பதில் 15 சதவீதமே பிடிப்பார்கள். கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் வங்கிக் கணக்கோடு இருக்கட்டும். 'நாங்களே ஏற்றித் தருகிறோம்' என்று சொல்லி அவர்கள் கணக்கில் ஏற்றினால், எத்தனை பிரதி விற்றது என்பதை அவர்கள் சொல்லித்தான் நீங்கள் அறிய முடியும்.

பணம் முக்கியமில்லை, படித்தால் போதும் என்பவர்களுக்கு, கணியம் அறக்கட்டளையின் ஃப்ரீ தமிழ் இ-புக்ஸ் திட்டம் படைப்பாக்கப் பொதும உரிமத்தில் நூல்களை இலவசமாக வெளியிடுகிறது. நல்ல பணி அது. ஆனால் அந்த உரிமத்தில் கொடுத்ததைத் திரும்பப் பெற முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு கொடுங்கள்.

நூலுக்குள் இருப்பதற்கும் நீங்கள்தான் பொறுப்பு. கூகுளில் கண்ட படத்தை அட்டைக்கு எடுப்பதும், திரைப்பாடல் வரிகளை அனுமதியில்லாமல் முழுசாகச் சேர்ப்பதும் வழக்கில் முடியலாம். பெரார்கஞ்ச் வட்டத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஜாரவா பழங்குடியினரின் காப்புப் பகுதிக்குள் நுழையும் ஜிர்காடாங் சோதனைச் சாவடி உங்கள் வட்டத்தில்தான் இருக்கிறது. ஜாரவா மக்களின் படத்தை அட்டையில் போட்டால் நூல் விற்கும் என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். 1956ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறை 2012இல் கடுமையாக்கப்பட்டது. அவர்களைப் படமெடுப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், கேட்டு அனுமதி வாங்க வழியில்லாத மனிதர்களின் முகத்தை விற்பனைக்கு வைப்பது தவறு. தீவுகளில் அரசு ஊழியர்கள் அதிகம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: மத்திய அரசுப் பணியாளர் நடத்தை விதிகளின் 8ஆம் விதிப்படி, நூலில் உள்ளவை தன் சொந்தக் கருத்துகளே, அரசின் கருத்துகள் அல்ல என்று தெளிவுபடுத்த வேண்டும். முன்பக்கத்தில் ஒரு வரி போதும்.

எல்லாவற்றையும்விட ஆபத்து ஒப்பந்தத்தில் இருக்கிறது. தமிழர்களுக்கு இதில் பெரிய பாடம் பாரதி. அவர் 1921இல் இறந்த பின் அவர் எழுத்தின் உரிமைகள் கைமாறிக்கொண்டே போயின. பாடல்களை இசைத்தட்டில் பதியும் உரிமை ஏவி.மெய்யப்பனிடம் வந்து சேர்ந்தது. திரைப்படத்தில் பாரதி பாடல் ஒன்றைப் பயன்படுத்தியதற்காக டி.கே.எஸ். சகோதரர்களோடு சட்டச் சண்டை வந்தது. 1949இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் அரசு தலையிட்டு உரிமைகளைப் பெற்ற பிறகே பாரதி பொதுச்சொத்தானார். ஆ.இரா.வேங்கடாசலபதி இந்த வரலாற்றை ஒரு தனி நூலாகவே எழுதியிருக்கிறார். மகாகவிக்கு அரசு வந்தது. நமக்கு வராது.

ஒப்பந்தத்தைப் படிக்கும்போது 'அனைத்து உரிமைகளும்', 'அனைத்து வடிவங்களிலும்', 'நிரந்தரமாக' என்ற சொற்களைத் தேடுங்கள். அச்சுக்குத்தானே கொடுக்கிறீர்கள்? மின்னூல், ஒலிநூல், மொழிபெயர்ப்பு, திரைப்பட உரிமைகள் அதில் ஏன் இருக்க வேண்டும்? ஒப்பந்தம் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். தரமாட்டார்கள் என்றால் விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள். 'இன்றே கட்டினால் பாதி விலை' என்று அவசரப்படுத்துபவரிடம் ஒரு வாரம் அவகாசம் கேளுங்கள். மறுத்தால் அதுவே போதுமான பதில்.

நூல் வெளிவந்த சில நாள்களில் அதன் பி.டி.எஃப். டெலிகிராமில் சுற்றத் தொடங்கலாம். மனம் தளர வேண்டாம். போட்டித் தேர்வு நூல்களை எழுதிய நீத்து சிங் தொடுத்த வழக்கில், திருட்டுப் பிரதிகளைப் பரப்பிய சேனல்காரர்களின் விவரங்களைத் தரும்படி டெல்லி உயர் நீதிமன்றம் 2022 ஆகஸ்டில் டெலிகிராமுக்கு உத்தரவிட்டது, நிறுவனமும் கொடுத்தது. நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை, இணைப்பையும் தேதியையும் காட்டும் திரைப்பிடிப்புகளைச் சேமிப்பது. அடுத்து அந்தத் தளத்துக்கு எழுத்துமூலம் புகார். 2013ஆம் ஆண்டுக் காப்புரிமை விதிகளின் 75ஆம் விதிப்படி, சரியான புகார் கிடைத்த 36 மணி நேரத்துக்குள் தளம் அதை முடக்க வேண்டும். 21 நாள்களுக்குள் நீதிமன்ற உத்தரவு பெறாவிட்டால் அவர்கள் திறந்துவிடலாம் என்பதால் தாமதிக்கக் கூடாது. சட்டத்தின் 62ஆம் பிரிவு, நீங்கள் வசிக்கும் இடத்து மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குப் போட வழி தருகிறது. இதற்காகக் கப்பல் ஏறிச் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ போக வேண்டியதில்லை.

பணம் வாங்கிக்கொண்டு வேலையை முடிக்காமல் இழுத்தடிப்பவர் மீது 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணம் இல்லை, இணையவழியாகவும் அனுப்பலாம். பணத்தை வாங்கிக்கொண்டு எண்ணை அணைத்துவிட்டு ஓடியவர் என்றால் உடனே 1930. முதல் சில மணி நேரத்தில் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டவர்கள் அந்தத் தாளை எடுத்து மறுபடி படியுங்கள். எத்தனை ஆண்டுகளுக்கு என்று அதில் எழுதவில்லையானால், சட்டத்தின் 19ஆம் பிரிவு அதை ஐந்து ஆண்டு என்றே கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதவில்லையானால் இந்தியாவுக்குள் மட்டும்தான். நூலை எடுத்துக்கொண்டு ஓராண்டுக்குள் அந்த உரிமையைப் பயன்படுத்தவே இல்லை என்றால், வேறு மாதிரி எழுதப்படாத பட்சத்தில், உரிமை உங்களிடம் திரும்பிவிடும். எழுத்தில் கையெழுத்திட்ட ஆவணமே இல்லை, வாட்ஸ்அப்பில் 'சரி' என்று மட்டும் சொன்னீர்கள் என்றால், உரிமை கைமாறிவிட்டது என்று அவர்கள் சொல்வதை நம்பாதீர்கள். இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு பதிவு அஞ்சல் அனுப்புங்கள். நகலையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள்.