ஒரு கம்பி போனால் கடை நிற்கலாமா?

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் அடித்ததை ராயபுரம், திருவொற்றியூர் வணிகப் பெருமக்கள் மறந்திருக்க மாட்டார்கள். பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவித்து ஒரு மாதமே ஆகியிருந்த நேரம். ரொக்கம் தட்டுப்பாடு, கார்டு தேய்க்கலாமென்றால் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. மூட்டை இருந்தது, வாங்க ஆளும் இருந்தார், பணம் கைமாற வழியில்லை.

இன்று யு.பி.ஐ., ஜி.எஸ்.டி. பில் என எல்லாமே இணையத்தை நம்பியிருக்கின்றன. வெளிமாநிலத்துக்கு 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு அனுப்பினால் இ-வே பில்லும் வேண்டும்.

இரண்டு கம்பெனிகளில் இணைப்பு வாங்கிவிட்டால் கவலையில்லை என்று பலர் நினைக்கிறோம். இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வந்தால் என்ன பயன்? கன்டெய்னர் லாரி ஒன்று இழுத்துப்போனால் இரண்டும் சேர்ந்தே போகும். ஆகவே ஒன்று ஃபைபர், மற்றது வேறு கம்பெனியின் சிம் என்றிருப்பதே சரி.

இரண்டு இணைப்பையும் ஏற்கும் 'டூயல் வான்' ரூட்டர் ஒன்று வாங்குங்கள். விளக்கு எரிகிறதா என்று மட்டும் பாராமல், வெளியே ஒரு முகவரியிலிருந்து பதில் வருகிறதா என்று அது அடிக்கடி சோதிக்கும்படி அமைக்கச் சொல்லுங்கள். பதில் நின்றால் தானே சிம்முக்கு மாறிவிடும்.

ரூட்டரே கெட்டால்? பெரிய கிடங்குகளில் இரண்டு ரூட்டர்களை ஒரே முகவரியில் இயங்க வைப்பார்கள். ஒன்று நின்றால் சில விநாடிகளில் மற்றது பொறுப்பேற்கும். 1998-இல் வெளியான வி.ஆர்.ஆர்.பி. என்ற முறை இதற்கானது. சிறிய மளிகைக் கடைக்கு அவ்வளவு செலவு வேண்டாம். ஹாட்ஸ்பாட் போட்ட பழைய செல்போனே போதும். ரூட்டருக்கும் ஃபைபர் பெட்டிக்கும் யு.பி.எஸ். மட்டும் அவசியம்.

மாதம் ஒருமுறை ஃபைபர் கம்பியைக் கழற்றிவிட்டு ஒரு பில் போட்டுப் பாருங்கள். சம்பள வாரத்துச் சாயங்காலத்தில் வேண்டாம்.