முதல் வரியில் சொல்ல வேண்டியது

1978 ஆகஸ்ட் 3 அன்று, அமெரிக்காவில் அணு உலைகளை வடிவமைத்துத் தந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் நிறுவனத்தில், ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குச் சிறிய அலுவலகக் குறிப்பு ஒன்று போனது. எழுத்துப்பிழை இல்லை, தகவல்பிழை இல்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் அதிலிருந்த ஆபத்து வாசித்தவரின் கண்ணில் படவில்லை.

அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில், ஒஹாயோ மாநிலத்தின் டேவிஸ்-பெஸ்ஸே அணுமின் நிலையத்தில் அழுத்தத்தைக் குறைக்கும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. நீர் வெளியேறிக்கொண்டிருந்தபோதும் நீர்மட்டக் கருவி உயர்வைக் காட்டவே, ஊழியர்கள் அவசரகால நீரை நிறுத்திவிட்டார்கள். உலை 9 சதவீதத் திறனில்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் சேதம் இல்லை. முழுத் திறனில் நடந்திருந்தால் எரிபொருள் இருக்கும் மையப்பகுதியே நீரின்றி வெளிப்பட்டிருக்கக்கூடும் என்று நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் 1978 பிப்ரவரியில் எழுதி எச்சரித்தார். ஆகஸ்ட் மாதக் குறிப்பு அந்த எச்சரிக்கையைப் பற்றியதுதான்.

குறிப்பு எப்படித் தொடங்கியது தெரியுமா? முன்பு எழுதப்பட்ட இரண்டு கடிதங்களைச் சுட்டி, அவை நடைமுறை மாற்றம் ஒன்றைப் பரிந்துரைப்பதாகச் சொன்னது. அடுத்து, அந்த மாற்றத்தைச் செய்தால் குழாய்களிலும் வால்வுகளிலும் என்ன சிக்கல் வரலாம் என்று எண்ணிட்ட இரண்டு கேள்விகள். பிறகு, மின் நிலையங்களுக்கு இன்னும் எதுவும் தெரிவிக்கவில்லை என்ற தகவல். இத்தனைக்கும் பின்னர், ஒரு ‘ஆயினும்’ போட்டு, தற்போதைய நடைமுறை தொடர்ந்தால் உலையின் மையம் நீரின்றி வெளிப்படும் சாத்தியம் உண்டு என்று ஒற்றை வாக்கியம். கடைசியில், இதைத் தீர்த்துவைக்குமாறு வேண்டுகோள். குறிப்பைப் பெற்ற மேலாளர் இதை வழக்கமான தொழில்நுட்பச் சந்தேகம் என்றே எடுத்துக்கொண்டு, கீழே உள்ளவர்களிடம் தள்ளிவிட்டார்.

எட்டு மாதம்கூட ஆகவில்லை. 1979 மார்ச் 28 அதிகாலையில், பென்சில்வேனியாவின் திரீ மைல் ஐலண்ட் நிலையத்தில் அதே மாதிரியான வால்வு அதே மாதிரி சிக்கியது. ஊழியர்களும் அதே போல் அவசரகால நீரைக் குறைத்தார்கள். இந்த முறை உலை ஏறத்தாழ முழுத் திறனில் ஓடிக்கொண்டிருந்தது. மையப்பகுதியில் பாதி உருகிப் போனது. துப்புரவுப் பணி 1993 வரை இழுத்தது. விபத்துக்குப் பழுதான வால்வு, குழப்பிய கருவி, போதாத பயிற்சி என்று காரணங்கள் பல. விசாரணை நடத்திய கெமனி ஆணையம் இந்த உள்கடிதங்களையும் எடுத்துப் பார்த்தது.

எல்லாம் சரியாக எழுதப்பட்ட தாளில் முக்கியமான வரி மட்டும் எப்படித் தொலைந்துபோகிறது? விடை வாசிப்பவரின் கண்ணிலும் மூளையிலும் இருக்கிறது.

நாம் வரிகளின் மீது பார்வையைச் சீராக ஓட்டுவதாக நினைக்கிறோம். உண்மையில் கண் தாவித் தாவிச் செல்கிறது. ஒவ்வோர் இடத்திலும் ஏறத்தாழக் கால் வினாடி நிற்கிறது. அடுத்த இடத்துக்குக் குதிக்கிறது. துல்லியமாகத் தெரியும் பரப்போ மிகச் சிறியது: கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவோ, அவ்வளவுதான். அவசரத்தில் இருக்கும் அதிகாரியின் கண் தலைப்பில் நிற்கும், முதல் வரியில் நிற்கும், எண்ணிட்ட பட்டியலில் நிற்கும். பத்தியின் நடுவில் கிடக்கும் வாக்கியத்தை எளிதாகத் தாண்டிப் போய்விடும். ஆகஸ்ட் குறிப்பில் எண்ணிட்டுத் தூக்கிக் காட்டப்பட்டவை குழாய்ச் சிக்கல்கள். உலை உருகும் ஆபத்துக்கு எண்ணும் இல்லை, தனிப் பத்தியும் இல்லை.

கண் பிடித்ததை மூளை எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரே சமயத்தில் நினைவில் வைத்துக் கையாளக்கூடியவை ஏழு, இரண்டு கூடலாம் குறையலாம் என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். நெல்சன் கோவன் 2001-இல் அதை நான்கு அளவுக்குக் குறைத்தார். நம் மொழியில் இந்த வரம்பு இன்னும் கடுமையாகத் தெரியும். தமிழில் வினைமுற்று கடைசியில்தானே வருகிறது. கீழே உள்ள வாக்கியத்தைப் படித்துப் பாருங்கள்:

“பார்வையில் காணும் கடிதத்தில் தெரிவிக்கப்பட்டவாறு, இப்பள்ளியின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை ஆய்வு செய்ததில், அதன் அடிப்பகுதியில் விரிசல்கள் ஏற்பட்டு, மாணவர்களுக்கு ஆபத்து விளைவிக்கும் நிலையில் உள்ளது கண்டறியப்பட்டதைத் தொடர்ந்து, புதிய தொட்டி அமைப்பதற்கான அனுமதியினை வழங்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

கடிதம் எதற்காக வந்தது என்பது ‘அனுமதி’ என்ற சொல் வரும் வரை தெரியாது. அதுவரை கடிதம், ஆய்வு, விரிசல், ஆபத்து எல்லாவற்றையும் மூளை கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். கேட்பவர் யார் என்பதையோ ‘கேட்டுக்கொள்ளப்படுகிறது’ விழுங்கிவிட்டது. இதையே இப்படி எழுதலாம்:

“பள்ளியின் மேல்நிலைத் தொட்டியை மாற்ற உங்கள் அனுமதி தேவை. அடிப்பகுதியில் விரிசல் விட்டிருக்கிறது, மாணவர்களுக்கு ஆபத்து. ஜூன் 1-ஆம் தேதி பள்ளி திறக்கிறது. அதற்குள் வேலையை முடிக்க, மே 5-க்குள் ஆணை கிடைக்க வேண்டுகிறேன்.”

மரியாதை குறையவில்லை, தகவல் கூடியிருக்கிறது. நம் அலுவலகக் கடிதத்தில் ‘பொருள்’ என்று ஒரு வரி இருக்கிறதே, அது இதற்காகவே ஏற்பட்டது. அதில் ‘குடிநீர்த் தொட்டி – தொடர்பாக’ என்று எழுதி வீணடிக்கிறோம். ‘தொட்டியில் விரிசல் – மே 5-க்குள் மாற்ற அனுமதி கோருதல்’ என்று எழுதினால் உறையைப் பிரித்த உடனே பாதி வேலை முடிந்தது. மின்னஞ்சலின் தலைப்புக்கும் இதே விதிதான்.

இவ்வளவு எளிது என்றால் ஏன் எல்லோரும் செய்வதில்லை? எழுதுபவருக்கு விஷயம் முன்பே தெரிந்திருப்பதுதான் தடை. 1990-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் நியூட்டன் ஒரு சோதனை செய்தார். சிலரிடம் பிரபலமான பாடல்களின் தாளத்தை மேசையில் தட்டச் சொன்னார். மற்றவர்கள் பாட்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பாடல்களையாவது கண்டுபிடித்துவிடுவார்கள் என்று தட்டியவர்கள் நம்பினார்கள். தட்டப்பட்ட 120 பாடல்களில் கண்டுபிடிக்கப்பட்டவை 3. தட்டுபவரின் தலைக்குள் முழு இசையும் ஒலிக்கிறது. கேட்பவருக்கு வெறும் டொக் டொக். ஆகஸ்ட் குறிப்பை எழுதியவரின் தலையிலும் டேவிஸ்-பெஸ்ஸே சம்பவம் முழுதாக ஒலித்திருக்க வேண்டும். அதனால்தான் ‘ஆயினும்’ என்ற ஒரு சொல்லே போதும் என்று தோன்றியிருக்கிறது.

குரலின் தொனிக்கும் இதே கதிதான். ஜஸ்டின் க்ரூகரும் நிக்கோலஸ் எப்லியும் சக ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கிண்டலாகச் சொல்கிறோமா நிஜமாகச் சொல்கிறோமா என்பது மின்னஞ்சலில் 78 சதவீதம் சரியாகப் புரிந்துகொள்ளப்படும் என்று அனுப்பியவர்கள் எதிர்பார்த்தார்கள். உண்மையில் புரிந்தது 56 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 வந்துவிடும். குரலில் சொன்னபோது 73 சதவீதம் சரியாகப் புரிந்தது. ‘உங்கள் விரைவான பதிலுக்கு நன்றி’ என்று நீங்கள் மனதாரத் தட்டியது, தாமதமாகப் பதில் போட்டவருக்குக் குத்தலாகப் படலாம்.

அறிக்கையாளர்களும் அலுவலர்களும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதிகமில்லை. வாசிப்பவர் என்ன செய்ய வேண்டும், எப்போதைக்குள், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றும் முதல் பத்தியில் இருக்க வேண்டும். காரணங்கள், கணக்குகள், பழைய கடித எண்கள் எல்லாம் அதற்குப் பிறகு வரட்டும். நூறு பக்க அறிக்கை என்றாலும் முடிவும் பரிந்துரையும் முதல் பக்கத்தில் வந்தாக வேண்டும். மேலதிகாரி அந்த ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டாலும் சரியான முடிவெடுக்க முடிய வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு செய்தி போதும்.

அனுப்புவதற்கு முன் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. க்ரூகர் குழுவின் ஆய்வில், தாங்கள் எழுதியதை எதிர்மாறான தொனியில் வாய்விட்டுப் படித்தவர்களுக்கு, ‘எல்லாம் புரிந்துவிடும்’ என்ற மிதப்பு குறைந்தது. நீங்களும் உங்கள் கடிதத்தை, எரிச்சலில் இருக்கும் ஒருவர் படிப்பது போல் ஒரு முறை உரக்கப் படியுங்கள். எந்த வரியில் இடறுகிறீர்களோ, அந்த வரியைத் திருத்திவிட்டு அனுப்புங்கள்.