ஒரு பவுனுக்கு எத்தனை குவிண்டால் நெல்?

விழுப்புரம் பேருந்து நிலையத்தில் அவித்த மல்லாட்டை (வேர்க்கடலை) விற்பவர்கள் விலையைச் சட்டென்று ஏற்றிவிடுவதில்லை. முதலில் பொட்டலம் மெலியும். கூம்பின் அடித்தாள் இன்னும் ஒரு மடிப்பு கூடுதலாக மடியும். அதற்கு மேலும் கட்டுப்படியாகாத நாளில்தான் பத்து ரூபாய்ப் பொட்டலம் இருபதாகும். பணவீக்கம் என்பது இதுதான்: நோட்டில் உள்ள எண் மாறாது, அது வாங்கித் தரும் பருப்பு குறையும்.

சீனாவில் இது ஒரு காலத்தில் வெள்ளமாகவே வந்தது. 1940களின் கடைசியில், உள்நாட்டுப் போருக்காக அரசு நோட்டடித்துத் தள்ளியதில் பணம் வெறும் காகிதமாகிப் போனது. அடுத்து வந்த கம்யூனிஸ்ட் அரசு 1955 மார்ச் 1 அன்று, பழைய 10,000 யுவானுக்குப் புதிதாக ஒரு யுவான் என்று நான்கு பூச்சியங்களைக் கழித்துக் கட்டியது.

இந்திய ரூபாய்க்கு அப்படியொரு வெட்டு விழுந்ததில்லை. இங்கே சில்லறைதான் ஒவ்வொன்றாகச் செத்தது. 1957 ஏப்ரல் 1 அன்று அணாக் கணக்கு போய் நயா பைசா வந்தது. பிறகு ஒரு பைசா, மூணு பைசா, பத்து பைசா என்று வரிசையாகக் காணாமல் போயின. 2011 ஜூன் 30 முதல் நாலணாவும் செல்லாது. எட்டணா சட்டப்படி இன்னும் செல்லும். திண்டிவனத்தில் எந்தப் பெட்டிக்கடையில் வாங்குவார்கள் என்பது வேறு விஷயம்.

தேய்மானம் எவ்வளவு? ரிசர்வ் வங்கியின் இலக்கு ஆண்டுக்கு 4 சதவீதம். கேட்பதற்குச் சின்ன எண். அதே வேகத்தில் போனால் 18 ஆண்டில் விலை இரட்டிப்பாகும், அதாவது ரூபாயின் மதிப்பு பாதியாகும். நிலம் விற்றவர்களின் ஆதாயத்தைக் கணக்கிட வருமான வரித்துறை ஒரு பணவீக்கக் குறியீடு வைத்திருக்கிறது: 2001-02இல் 100, 2025-26இல் 376. நகர்ப்புற விலைவாசி உயர்வில் முக்கால் பங்கைத்தான் அந்தக் கணக்கு எடுத்துக்கொள்கிறது; உண்மையான தேய்மானம் அதைவிடக் கூடுதல்.

ஆனால் குறியீடு சொல்வது சராசரி. வீட்டுக்கு வீடு கணக்கு வேறு. 2000-01இல் சாதாரண ரக நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 510 ரூபாய், 2025-26இல் 2,369. மல்லாட்டை 1,220இலிருந்து 7,263க்கு வந்திருக்கிறது. விலைவாசியோடு ஒப்பிட்டால் நெல் பெரிதாகப் பின்தங்கவில்லை, மல்லாட்டை கொஞ்சம் முந்தியும் இருக்கிறது. கமிட்டியில் (ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில்) மூட்டையை இறக்கும்போது அந்த விலை கைக்குக் கிடைத்தால்தான், அதுவும்.

இடிப்பது தங்கத்தில். தங்கம் சோறாகாதுதான். ஆனால் பெண்ணைக் கட்டிக்கொடுக்கவும், நடவுச் செலவுக்கு அடகு வைக்கவும் இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் நம்பியிருப்பது அதைத்தான். 2000ஆம் ஆண்டில் ஒரு பவுன் சுமார் 3,500 ரூபாய். ஏழு குவிண்டால் நெல் விற்றால் வாங்கிவிடலாம். 2025 அக்டோபரில் பவுன் 90,000 ரூபாயைத் தாண்டியது. தமிழக அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து குவிண்டாலுக்கு 2,500 ரூபாய் கிடைத்தாலும், ஒரு பவுனுக்கு 36 குவிண்டால் வேண்டியிருந்தது. ஏக்கருக்கு 25 குவிண்டால் கண்டால் அது நல்ல விளைச்சல். அன்று ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு கூடத் தேவைப்படாத பவுனுக்கு, 2025 அக்டோபரில் ஒன்றரை ஏக்கர் அறுவடையை அப்படியே களத்திலிருந்து வண்டி ஏற்ற வேண்டியிருந்தது. உரக்கடை பாக்கியும் அறுவடை எந்திரத்தின் வாடகையும் தனி.