பழைய தையல் மெசினைச் சீராக்கிச் சேலை விரிப்புத் தைப்போம்

ஊருக்குத் திரும்பியதும் கூரை, கிணறு, மலசலகூடம், பிள்ளைகளின் பள்ளிக்கூடம் என்று வேலைகள் வரிசையாக நிற்கும். இவற்றுக்கிடையில் இரவு நித்திரையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. சீமெந்து நிலத்திலோ தறப்பாளிலோ பாயை மட்டும் விரித்துப் படுத்தால், மாரிகாலத்தில் குளிர் உடம்பில் ஏறும். குழந்தைகளும் வயோதிபரும் அதிகம் பாதிக்கப்படுவர்.

பழைய சேலையை மடித்து, மடிப்புகள் விலகாமல் நெருக்கமாகத் தைத்தால் நல்ல விரிப்புக் கிடைக்கும். வீட்டில் ஒரு தையல் மெசின் இருந்தால், இதற்கு நூலும் ஊசியும் மட்டுமே செலவு. ஆனால் மெசினைச் சட்டை தைக்கும் நிலையிலேயே வைத்துத் தைத்தால் துணி சுருங்கும், ஊசி முறியும். விரிப்புத் தைப்பதற்கு அதை எப்படி ஆயத்தம் செய்வது என்பதை இங்கே விளக்குகிறோம்.

மெசினை எடுக்கப் போகுமுன்

இடம்பெயர்ந்தபோது பலர் மெசினை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். சிலர் வளவில் புதைத்தார்கள், சிலர் பதுங்குகுழியில் வைத்தார்கள். மிதிவெடி அகற்றப்பட்டதென்று அறிவிக்கப்படாத காணிக்குள் மெசினை எடுக்கப் போக வேண்டாம். மண்டையோட்டுக் குறியிட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதைத் தாண்டக் கூடாது. புதைத்த இடத்தை நீங்களே மண்வெட்டியால் கிண்டாமல், முதலில் கிராம அலுவலரிடம் தெரிவித்து, மிதிவெடி அகற்றும் பிரிவினர் பார்த்த பின்னர் எடுங்கள். அறிமுகமில்லாத பொருள் எதுவும் மெசினுக்கு அருகில் கிடந்தால் தொடாமல், வந்த வழியே திரும்பி வந்து அறிவியுங்கள். மெசின் பிறகும் வாங்கலாம், காலை வாங்க முடியாது.

துப்புரவாக்கி எண்ணெய் விடுதல்

நீண்டகாலம் கிடந்த மெசினின் சில்லு இறுகியிருந்தால் பலமாகத் திருப்ப வேண்டாம். உள்ளே பழைய எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். ஊசியையும் பாதத்தையும் கழற்றி, ஊசித்தகட்டின் திருகாணிகளைத் திருப்புளியால் கழற்றுங்கள். துணியை நகர்த்தும் பல்லுக்கிடையில் சேர்ந்துள்ள பஞ்சையும் மண்ணையும் பழைய பல் துலக்கும் பிரஷால் தட்டி எடுங்கள். பொபின் கூட்டையும் அவ்வாறே துப்புரவாக்குங்கள்.

அசையும் பகுதிகளில் சில துளி மண்ணெண்ணெய் விட்டு, சில மணித்தியாலம் பொறுத்துச் சில்லை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்தால் இளகும். குப்பி விளக்குக்கோ அடுப்புக்கோ அருகில் இதைச் செய்ய வேண்டாம். பின்னர் நன்றாகத் துடைத்து, ஒவ்வொரு எண்ணெய்த் துவாரத்திலும் ஓரிரு துளி மெசின் எண்ணெய் விடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது நாளடைவில் பிசுபிசுத்து மெசினை மறுபடியும் இறுக்கும். பட்டி தளர்ந்திருந்தால் சிறு துண்டு வெட்டிக் குறைத்து மீண்டும் பொருத்தலாம்.

விரிப்புக்குத் துணி மடித்தல்

பருத்திச் சேலையைத் தெரிவு செய்யுங்கள். நைலக்ஸ், பட்டு என்பன வழுக்கும். சேலை ஒன்று ஏறத்தாழ 5.5 மீற்றர் நீளம், 45 அங்குல அகலம் இருக்கும். நீளத்தை மூன்றாக மடித்தால் 6 அடி நீளமான மூன்று மடிப்பு விரிப்பு வரும். ஒருவர் படுக்க அது போதும். தடிப்பு வேண்டுமானால் நடுவில் பழைய படுக்கை விரிப்பு ஒன்றை வையுங்கள். அதற்கு மேல் அடுக்கினால் வீட்டு மெசின் தாங்காது.

துணியைத் தோய்த்துக் காயவைத்து, நிலத்தில் சுருக்கமின்றி விரித்து, ஒரு சாணுக்கு ஒரு வரியாகக் கையால் பெரிய தையல் ஓடிக்கொள்ளுங்கள். இது பின்னர் உருவி எடுக்கும் நூல். ஊக்குக் குத்தியும் வைக்கலாம். ஆனால் ஊசி ஊக்கில் பட்டால் முறியும் என்பதால், கிட்ட வரும்போது ஒவ்வொன்றாகக் கழற்றிவிடுங்கள்.

மெசினில் மாற்ற வேண்டியவை

வழமையாகத் தைக்கும்போது, ஊசிக்குக் கீழுள்ள பல் துணியைப் பின்னோக்கித் தள்ளுகிறது. மடிப்புகள் பல இருந்தால் அடி மடிப்பு நகர, மேல் மடிப்பு பின்தங்கிச் சுருங்கும். பல் வேலை செய்யாவிட்டால் துணியைக் கையால் எந்தப் பக்கமும் நகர்த்தலாம். மெசினில் எம்பிராய்டரி செய்தவர்களுக்கு இந்த முறை புதிதல்ல.

1. பல்லை இறக்குங்கள். சில மெசின்களில் இதற்கென அடித்தட்டின் கீழே ஒரு திருகாணி அல்லது பக்கத்தில் ஒரு குமிழ் இருக்கும். அது இல்லாவிட்டால் தையல் நீளத்தைப் பூச்சியத்தில் வையுங்கள். அப்போது பல் மேலும் கீழும் அசைந்தாலும் துணியைத் தள்ளாது. அது துணியில் உரசினால், மெல்லிய பிளாஸ்டிக் துண்டில் ஊசி போகத் துளையிட்டு, பல்லின்மேல் ஒட்டிவிடுங்கள்.

2. பாதத்தை மாற்றுங்கள். எம்பிராய்டரிக்கான சுருள்வில் பாதம் இருந்தால் அதைப் பூட்டுங்கள். இல்லாவிட்டால் பாதத்தைக் கழற்றிவிட்டு, எம்பிராய்டரி வளையத்தில் துணியை இறுக்கிப் பிடித்துத் தைக்கலாம். பாதம் இல்லாதபோது ஊசி திறந்திருக்கும். விரல்கள் எப்போதும் வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும்.

3. புதிய ஊசி போடுங்கள். மடிப்புத் துணிக்கு 16ஆம் இலக்க ஊசி பொருத்தம். பழைய ஊசியைக் கழற்றுமுன் அதன் தட்டையான பக்கம் எங்கே பார்த்திருந்தது என்று கவனித்து, புதியதையும் அப்படியே முழுதாக மேலே தள்ளிப் பூட்டுங்கள். மேல் நூலும் பொபின் நூலும் ஒரே தடிப்பில் இருக்கட்டும்.

4. பாதத்தை இறக்கும் நெம்பைக் கீழே விடுங்கள். பாதம் பூட்டாவிட்டாலும் இதை மறக்கக் கூடாது. நெம்பு கீழே வந்தால்தான் மேல் நூலுக்கு இறுக்கம் கிடைக்கும். அது மேலேயே இருந்தால் துணியின் அடியில் நூல் கூடுபோல் சிக்கும். பலர் மெசின் பழுதென்று நினைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

தைக்கும் விதம்

முதலில் அதே அளவு மடித்த கந்தலில் தைத்துப் பாருங்கள். சில்லை உங்கள் பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி, பொபின் நூலை மேலே இழுத்தெடுங்கள். இரண்டு நூல்களையும் பிடித்துக்கொண்டு ஒரே இடத்தில் மூன்று நான்கு தையல் போட்டபின் நகருங்கள். கால் ஒரே சீராக மிதிக்க, கை மெதுவாக நகர வேண்டும். கையை வெடுக்கென்று இழுத்தால் தையல் நீளும், ஊசி வளைந்து தகட்டில் பட்டு முறியும். தையல் ஒன்று 2 முதல் 3 மில்லிமீற்றர் இருந்தால் போதும்.

விரிப்பின் நடுவில் தொடங்கி ஓரத்தை நோக்கித் தையுங்கள். ஓரத்தில் தொடங்கினால் சுருக்கமெல்லாம் நடுவில் வந்து நிற்கும். மெசினின் கைக்குக் கீழே ஏறத்தாழ ஒரு சாண் இடம்தான் உண்டு. எனவே வலப்பக்கத் துணியைச் சுருட்டித் துணிநாடாவால் கட்டிக்கொள்ளுங்கள். நான்கு விரல் இடைவெளியில் நெளிகோடுகளாகப் போவது பழகுவோருக்கு இலகு. விரிப்பின் பாரம் கீழே தொங்கினால் ஊசியை இழுக்கும். பக்கத்தில் ஒரு வாங்கையோ கதிரையையோ வைத்துத் தாங்குங்கள்.

கையால் சுற்றும் மெசினானால் ஒரு கை சில்லுக்குப் போய்விடும். பெரியவர் ஒருவர் சீராகச் சுற்ற, மற்றவர் துணியை நகர்த்தலாம். சிறு பிள்ளைகளைச் சில்லுக்கும் பட்டிக்கும் அருகில் விட வேண்டாம்.

தையல் பிழைத்தால்

பொபின் நூல் மேற்பக்கம் தெரிந்தால் மேல் நூல் அதிக இறுக்கம். இறுக்கத் திருகைக் கால் சுற்றுத் தளர்த்துங்கள். அடியில் மேல் நூல் வளையமாக நின்றால் முதலில் நெம்பையும், பின்னர் நூல் கோத்த வழியையும் பாருங்கள். இரண்டும் சரியென்றால் கால் சுற்று இறுக்குங்கள். நூல் அடிக்கடி அறுந்தாலோ தையல் விட்டு விட்டு விழுந்தாலோ ஊசியைத் திருத்திப் பூட்டுங்கள் அல்லது மாற்றுங்கள். முறிந்த ஊசித் துண்டுகளைத் தேடி எடுத்து மூடியுள்ள போத்தலில் போடுங்கள். படுக்கும் விரிப்பில் ஒன்றும் தங்கிவிடக் கூடாது.

வேலை முடிந்ததும் பல்லை உயர்த்தி, பாதத்தைப் பூட்டி, தையல் நீளத்தைப் பழையபடி வைத்தால் மெசின் சட்டை தைக்க ஆயத்தம்.

இதே முறையில் நுளம்பு வலையின் ஓட்டைக்குப் பழைய வலைத்துண்டை வைத்துத் தைக்கலாம். பள்ளிக்கூடக் காற்சட்டையின் முழங்கால் கிழிசலுக்கு அடியில் துணி வைத்து முன்னும் பின்னுமாக நிரப்பலாம். ஒரு வட்டாரத்தில் ஒரு மெசினே இருந்தாலும், நூலையும் ஊசியையும் பகிர்ந்து முறைவைத்துத் தைத்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் மாரிக்கு முன்பே ஒவ்வொரு விரிப்புக் கிடைக்கும்.